எதிர்வாதம் எங்கே கை வைக்கிறது?
தர்க்க வினாக்களுக்கு ஒரு பாடம்



போட்டிப் பரீட்சைகளில் ஒரு வகை வினா உண்டு. முதலில் ஒருவர் ஒரு கருத்தைச் சொல்வார். அடுத்தவர் அதற்குப் பதில் சொல்வார். பேச்சு மொத்தம் நாலைந்து வரிதான். கீழே சில விடைகள் தரப்பட்டிருக்கும். கேள்வி இதுதான்: "இரண்டாமவர் முதலாமவருக்கு எவ்வாறு பதிலளிக்கிறார்?"

பார்த்தால் லேசாகத் தெரியும். இரண்டு பேரும் பேசியது பிள்ளைக்கு நன்றாக விளங்கியும் இருக்கும். அப்படியிருந்தும் பிழையான விடையைத் தெரிவு செய்துவிட்டு வரும். காரணம் என்ன? "யார் சொல்வது சரி?" என்று வினாவில் கேட்கவில்லை. "எப்படிப் பதில் சொன்னார்?" என்றுதான் கேட்டிருக்கிறது. பிள்ளையோ யார் பக்கம் நியாயம் என்று யோசித்து, மனசுக்குப் பிடித்த விடைக்குப் போய்விடுகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டம் படிக்கப் போகிறவர்கள் எழுதும் 'எல்சாட்' என்ற நுழைவுப் பரீட்சை 1948 முதல் நடக்கிறது. இந்த வகை வினாவுக்குப் பேர்போன பரீட்சை அது. 2024 ஆகஸ்ட் மாதத்தில் அதிலிருந்த புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, புள்ளி கிடைக்கும் மூன்று பகுதிகளில் இரண்டைத் தர்க்க நியாயத்துக்கே ஒதுக்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் அரசாங்க உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சைகளில் நுண்ணறிவு வினாத்தாள் இருக்கிறது. உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்று ஒரு பாடமே இருக்கிறது. எதை எழுதினாலும், ஒருவர் பேச்சைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் கைகொடுக்கும்.

இந்தப் பாடத்தில் வரும் உரையாடல்கள் யாவும் விளக்கத்துக்காக எழுதப்பட்டவை.

1. ஒரு மாதிரி வினா

பெரியம்மா: "நம்ம தோட்டத்துல சாதாரண தரம் பாஸான பத்துப் புள்ளைங்கள்ல ஏழு பேர் ரியூஷனுக்குப் போன புள்ளைங்க. அதனால ரியூஷன்தான் அவுங்கள பாஸாக்கிச்சு."

சித்தி: "பெயிலான இருவது பேர்லயும் பதினாலு பேர் அதே ரியூஷனுக்குப் போன புள்ளைங்கதான் அக்கா."

சித்தி எவ்வாறு பதிலளிக்கிறார்?

(1) பத்தில் ஏழு என்ற கணக்கு பிழை என்கிறார்.
(2) ரியூஷனால் எந்தப் பயனும் இல்லை என்று நிரூபிக்கிறார்.
(3) கணக்கை மறுக்காமல், பெரியம்மா பார்க்காமல் விட்ட இன்னொரு கணக்கைக் காட்டி, அந்த முடிவுக்கு வர இது போதாது என்று உணர்த்துகிறார்.
(4) பெரியம்மாவுக்கு இதில் சுயலாபம் இருக்கிறது என்கிறார்.
(5) பாஸாவதற்கு வேறு நல்ல வழி ஒன்றைச் சொல்கிறார்.

விடை (3). எப்படி என்று பார்ப்போம். பத்தில் ஏழு என்றால் நூற்றுக்கு எழுபது. இருபதில் பதினாலும் நூற்றுக்கு எழுபதுதான். பாஸானவர்களிலும் பெயிலானவர்களிலும் ரியூஷனுக்குப் போன அளவு ஒன்றே. ஆகவே அந்த எழுபதை வைத்துக்கொண்டு ரியூஷன்தான் பாஸாக்கியது என்று சொல்ல முடியாது.

பல பிள்ளைகள் (2) ஐத் தெரிவு செய்வார்கள். சித்தி அப்படிச் சொன்னாரா? இல்லை. பெரியம்மாவின் கணக்கு அந்த முடிவைத் தாங்காது என்று மட்டுமே காட்டினார். ரியூஷனால் பயன் இருக்கவும் கூடும், இல்லாமல் போகவும் கூடும். அதைப் பற்றிச் சித்தி வாயே திறக்கவில்லை. ஒருவருடைய வாதத்தை உடைப்பது ஒரு வேலை. அவருடைய முடிவு பொய் என்று நிரூபிப்பது அதைவிடப் பெரிய வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் அதிகமான புள்ளிகள் போகின்றன.

2. வாதத்தின் மூன்று பாகங்கள்

எந்த வாதத்திலும் மூன்று பாகம் உண்டு.

முதலாவது எடுகூற்று. அதாவது காரணமாகச் சொல்லப்படும் செய்தி. "பத்துப் பேரில் ஏழு பேர் ரியூஷனுக்குப் போனார்கள்" என்பது எடுகூற்று.

இரண்டாவது முடிவு. "ரியூஷன்தான் பாஸாக்கியது."

மூன்றாவது, வாயால் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்ட எண்ணம். இதை எடுகோள் என்பார்கள். "பெயிலான பிள்ளைகளில் இவ்வளவு பேர் ரியூஷனுக்குப் போயிருக்க மாட்டார்கள்" என்பதே பெரியம்மாவின் எடுகோள். செய்தியையும் முடிவையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு இதுதான். சித்தி வெட்டியது இந்தக் கயிற்றை.

முடிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி: "அதனால", "ஆகவே", "அப்படீன்னா" என்ற சொற்களுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் முடிவு. "ஏன்னா", "காரணம் என்னான்னா" என்பவற்றுக்குப் பிறகு வருவது எடுகூற்று. ஆனால் நம் ஆட்கள் பேசும்போது முடிவை முதலில் போட்டுவிட்டுக் காரணத்தைப் பின்னால் சொல்வதும் உண்டு. "அவன அந்தக் கடைக்கு அனுப்பாதீங்க. போன வருஷம் போன பயலுக்கு இன்னும் சம்பளம் வரல." இங்கே முதல் வாக்கியமே முடிவு. "அதனால" என்ற சொல்லை மனசுக்குள் வைத்துப் பாருங்கள். எந்த வாக்கியத்துக்கு முன்னால் அது பொருந்துகிறதோ அதுவே முடிவு.

மறுக்கிறவர் இந்த மூன்றில் எதில் கை வைக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

3. சின்னச் சொல், பெரிய வேலை

தமிழில் "தான்" என்ற ஒரு சொல் முழு வாதத்தையும் மாற்றிவிடும். இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

அ. "ரியூஷனுக்குப் போனா பாஸாகலாம்."
ஆ. "ரியூஷனுக்குப் போனாத்தான் பாஸாகலாம்."

முதல் வாக்கியம், போனால் போதும் என்கிறது. இரண்டாவது, போகாமல் முடியாது என்கிறது. அதை மறுக்க என்ன காட்ட வேண்டும்? முதலாவதை மறுக்க, போயும் பெயிலான ஒரு பிள்ளையைக் காட்ட வேண்டும். இரண்டாவதை மறுக்க, போகாமலே பாஸான ஒரு பிள்ளையைக் காட்ட வேண்டும். பிள்ளையை மாற்றிக் காட்டினால் அது பதிலே ஆகாது.

"எல்லாரும்", "யாரும்", "எப்பவும்", "ஒருநாளும்" போன்ற சொற்களும் அப்படியே. இவை வந்தால் ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும். "சில பேர்", "பெரும்பாலும்" என்று இருந்தால் ஓர் உதாரணத்தால் அதைச் சாய்க்க முடியாது. வாசிக்கும்போதே இச்சொற்களின் கீழ் பென்சிலால் கோடு போடுங்கள்.

4. மறுக்கும் வழிகள்

முக்கியமான வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அ. எதிர் உதாரணம் காட்டுதல்
"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவுங்க யாரும் கம்பஸ் போக முடியாது."
"கீழ் டிவிஷன் கொழுந்துக்காரம்மா மக இங்கதானே படிச்சா? இப்ப பேராதனையில இல்லையா?"
"யாரும்" என்று சொன்னதால் ஒரு பிள்ளை போதும்.

ஆ. வேறு காரணம் காட்டுதல்
"புதுக் கங்காணி வந்த மாசத்துல கொழுந்து கூடிருச்சு. அவரு தெறமதான்."
"அது ஏப்ரல் மாசம் மாமா. மழை விழுந்தா எந்தக் கங்காணி இருந்தாலும் கூடத்தான் செய்யும்."
கொழுந்து கூடியதை மறுக்கவில்லை. அதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்கிறார்.

இ. காரணத்தையும் விளைவையும் திருப்பிப் போடுதல்
"அடிக்கடி டிஸ்பென்சரிக்குப் போற வீட்டுலதான் நோயும் கூட. அந்த மருந்துதான் நோயக் கூட்டுது."
"நோய் கூட இருக்கதுனாலதானே அவுங்க அடிக்கடி போறாங்க?"
இரண்டும் சேர்ந்து வருவது உண்மை. எது எதைக் கொண்டுவருகிறது என்பதில்தான் சண்டை.

ஈ. அதே மாதிரி வாதம் ஒன்றைச் செய்து காட்டுதல்
"எங்க தாத்தா வெத்தலையோட பொகையில போட்டுக்கிட்டு எம்பது வயசு வரைக்கும் இருந்தாரு. அதனால பொகையில ஒன்னும் செய்யாது."
"பிரேக் இல்லாத லொறிய ஒருத்தரு பத்து வருஷம் ஓட்டுனாரு, ஒன்னும் ஆகல. அதுக்காக லொறிக்கு பிரேக் வேணாம்னு சொல்லலாமா?"
இங்கே புகையிலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதே அச்சில் இன்னொரு வாதம் வார்த்து, அது எவ்வளவு பிழை என்று காட்டுகிறார். விடைகளில் "ஒத்த வாதம்", "அதே நியாயத்தைப் பயன்படுத்தினால் ஏற்க முடியாத முடிவு வரும்" என்ற மாதிரி எழுதியிருப்பார்கள். வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடுவது வாய்ப் புற்றுநோயைத் தரும் என்பது மருத்துவ உலகம் நிரூபித்த உண்மை. ஆனால் இந்தப் பதிலில் அந்த உண்மை சொல்லப்படவில்லை. ஆகவே "மருத்துவ ஆதாரம் காட்டுகிறார்" என்ற விடை பிழை.

உ. ஒரு சொல்லின் இரண்டு பொருளைப் பிரித்தல்
"இது நம்ம வீடு. நம்ம வீட்ட நாம யாருக்கு வேணும்னாலும் விக்கலாம்."
"நம்ம வீடுன்னா நாம குடியிருக்கிற வீடு. உறுதி நம்ம பேர்ல இல்லையே அண்ணே."
"நம்ம வீடு" என்ற சொல் முதலில் குடியிருக்கும் வீட்டைக் குறித்தது. விற்பதைப் பற்றிப் பேசும்போது உரித்துள்ள வீடு என்று பொருள் மாறிவிட்டது. பதில் சொன்னவர் அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஊ. அதே செய்தியிலிருந்து எதிர் முடிவை எடுத்தல்
"வயித்தால போற புள்ளைக்குத் தண்ணி குடுத்தா இன்னும் தண்ணியாத்தான் போகும். அதனால தண்ணி காட்டாத."
மருத்துவமாது: "தண்ணியா போகுதுல்ல, அதனாலதான் குடுக்கணும். குடுக்காட்டியும் போறது நிக்காது. ஒடம்புத் தண்ணி வத்துனாத்தான் புள்ள உயிருக்கு ஆபத்து. ஜீவனியக் கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க."
பிள்ளைக்குத் தண்ணீராகப் போகிறது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. பாட்டி அதிலிருந்து "கொடுக்காதே" என்று வந்தார். மருத்துவமாது அதிலிருந்தே "கட்டாயம் கொடு" என்று வந்தார். இந்த எதிர்வாதம் விளங்காத வீட்டில் பிள்ளையின் உயிருக்கே மோசம் வரும். ஆகவே இது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடம் என்று எண்ண வேண்டாம்.

எ. ஆளைத் தாக்குதல்
"எட்டாம் வகுப்பும் படிக்காத நீ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?"
இது சொன்ன விசயத்துக்குப் பதில் இல்லை. சொன்ன ஆளுக்குக் கிடைத்த ஏச்சு. அளவையியலில் இதை ஒரு போலியாகக் கணக்கிடுவார்கள். பரீட்சையில் இரண்டாமவர் இப்படிப் பேசியிருந்தால் "வாதத்தை விட்டு வாதம் செய்தவரைத் தாக்குகிறார்" என்ற விடையைத் தேடுங்கள். அவர் அப்படிப் பேசாதபோது இந்த விடை இருந்தால் உடனே வெட்டிவிடுங்கள்.

5. ஒரே வாதம், நாலு பதில்

இனி, நம் தாய்மார் நன்கு அறிந்த ஒரு விசயத்தை எடுத்துக்கொள்வோம். 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டபோது ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம், சிறுவருக்கு இன்னொன்று என்றுதான் வைத்தார்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது 1984 இல். அதற்கு முன்னால் இப்படி ஒரு வாதம் நடந்ததாக வைத்துக்கொள்வோம்.

"ஆம்பளைங்க கவ்வாத்து வெட்டுறாங்க, கான் வெட்டுறாங்க. அது பாரமான வேல. பொம்பளைங்க எடுக்குற கொழுந்து லேசான வேல. அதனால பொம்பளைக்குச் சம்பளம் கொறையத்தான் இருக்கணும்."

நாலு பெண்கள் நாலு விதமாகப் பதில் சொல்கிறார்கள்.

முதலாமவர்: "கொழுந்து எடுக்குறது லேசுன்னு யாருங்க சொன்னது? விடிய எறங்கி, மழையில நனைஞ்சு, அட்டைக்கடி பட்டு, கூடைய முதுகுல சொமந்துக்கிட்டு மேட்டுல ஏறிப் பாருங்க."

இரண்டாமவர்: "பாரத்துக்குத்தான் சம்பளம்னா, ஆபீஸ்ல ஒக்காந்து பேனா புடிக்கிறவருக்கு ஏன் எங்க எல்லாரையும் விடக் கூடக் குடுக்குறீங்க?"

மூன்றாமவர்: "கவ்வாத்து பாரமான வேலதான், நான் இல்லேங்கல. ஆனா அவரு ரெண்டு மணிக்கு வேலய முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துர்றாரு. நாங்க அந்திக் கொழுந்த நிறுத்துட்டு வர அஞ்சு மணியாகுது. அந்த நேரத்துக்குக் கணக்கில்லையா?"

நாலாமவர்: "அப்ப கொழுந்து எடுக்குற ஆம்பளைக்கு மட்டும் ஏன் ஆம்பளச் சம்பளம் போடுறீங்க? அவரும் லேசான வேலதானே செய்றாரு?"

நாலு பேரும் ஒரே முடிவைத்தான் எதிர்க்கிறார்கள். ஆனால் நாலு பேரும் கை வைத்த இடம் வேறு வேறு.

முதலாமவர் எடுகூற்றையே மறுத்தார். கொழுந்து எடுப்பது லேசு என்ற செய்தியே பொய் என்றார்.

இரண்டாமவர் கயிற்றை வெட்டினார். "பாரமான வேலைக்குத்தான் கூடிய சம்பளம்" என்ற எண்ணம் வாதத்தில் மறைந்து கிடந்தது. அதை வெளியே இழுத்து, அதற்கு ஓர் எதிர் உதாரணம் கொடுத்தார். கொழுந்து பாரமா லேசா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை.

மூன்றாமவர் ஒன்றை ஒப்புக்கொண்டு, எதிராளி கணக்கில் எடுக்காத இன்னொன்றை முன்னால் வைத்தார். அதுதான் நேரம்.

நாலாமவர், சொல்கிறவர் தன் சொந்த விதியையே தான் கடைப்பிடிப்பதில்லை என்று காட்டினார். வேலைக்குத் தக்க சம்பளம் என்று வாயால் சொல்லிக்கொண்டு, கையால் ஆளைப் பார்த்துச் சம்பளம் போடுகிறார் என்பது இதன் அர்த்தம்.

பரீட்சையில் மூன்றாமவரின் பேச்சைத் தந்து, "கவ்வாத்து பாரமான வேலை என்பதை மறுக்கிறார்" என்று ஒரு விடை போட்டிருப்பார்கள். கோபமாகப் பேசுகிறாரே, எல்லாவற்றையும் மறுத்திருப்பார் என்று நினைத்து அதைத் தெரிவு செய்யக் கூடாது. "நான் இல்லேங்கல" என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எந்தப் பதில் பலமானது என்று பரீட்சையில் கேட்கமாட்டார்கள். கூட்டத்தில் பேசப் போகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். முதல் பதிலுக்கு எதிராளி "லேசுதான்" என்று மறுபடியும் சொல்லிவிடலாம். ஆமாம், இல்லை என்று பேச்சு இழுத்துக்கொண்டே போகும். நாலாவது பதிலுக்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. அவர் தன்னுடைய விதியைக் கைவிட வேண்டும், அல்லது சம்பளத்தை மாற்ற வேண்டும்.

6. பிழையான விடைகள் போடும் வேஷம்

பிழையான விடைகள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டுதான் வரும். நாலு வேஷங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேஷம், மிஞ்சிப் போவது. "நிரூபிக்கிறார்", "முற்றாக மறுக்கிறார்", "சாத்தியமே இல்லை என்கிறார்" என்று வரும். பேசியவர் ஒரு சந்தேகத்தைத்தான் கிளப்பியிருப்பார்.

இரண்டாவது, இல்லாததைச் சேர்ப்பது. விடையில் உள்ள விசயம் உலகத்தில் உண்மையாக இருக்கும். ஆனால் பேசியவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். புகையிலைக்கு மருத்துவ ஆதாரம் என்ற விடை இந்த வகை.

மூன்றாவது, ஆளை மாற்றுவது. முதலாமவர் செய்ததை இரண்டாமவர் தலையில் கட்டியிருப்பார்கள்.

நாலாவது, பாதி சரி. "எதிர் உதாரணம் காட்டி, முதலாமவரின் எடுகூற்றை மறுக்கிறார்" என்று இருக்கும். எதிர் உதாரணம் காட்டியது உண்மை, எடுகூற்றை மறுத்தது பொய். பாதி பொய்யானால் முழு விடையும் பொய்.

ஆகவே வேலை செய்யும் ஒழுங்கு இது. முதலில் முதலாமவரின் முடிவைக் கண்டுபிடியுங்கள். அடுத்து அவருடைய எடுகூற்றைப் பாருங்கள். பிறகு, இரண்டாமவர் எதை ஒப்புக்கொண்டார், எதில் கை வைத்தார் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரியில் சொல்லிக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் விடைகளைப் பார்க்க வேண்டாம். கடைசியில் ஒவ்வொரு விடையிலும் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும், "இது பேச்சில் எங்கே இருக்கிறது?" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாத விடையை வெட்டுங்கள்.

7. நம் முன்னோரும் படித்த பாடம்

இது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். மணிமேகலைக் காப்பியத்தின் 29 ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியல் கற்பிக்கிறார். நிறுவ வந்த கூற்று, அதற்குக் காரணம், அதற்கு உதாரணம் ஆகியவற்றைப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் எப்படிப் போலிகள் நுழையும் என்பதையும் சொல்கிறார். ஊர் ஊராகப் போன ஓர் இளம் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது என்பதை நம் பெண்பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல், நூல் எழுதுவோர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை ஏழாக வகுத்திருக்கிறது. பிறர் சொன்னதை ஏற்பது ஒன்று, மறுப்பது ஒன்று. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு விலக்குவதைத் தனி வகையாகவே அது வைத்திருக்கிறது. "நான் இல்லேங்கல, ஆனா" என்று மூன்றாமவர் பேசியதற்குப் பக்கத்தில் வருவது அதுதான்.

8. பயிற்சி

இடம் கருதி ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் மட்டும் தருகிறோம். விடையைப் பார்க்கும் முன் நீங்களே செய்து பாருங்கள்.

வினா 1
அண்ணன்: "மேல்மலையில புதுப் பாதை வெட்டுன பெறகுதான் மண் சரிஞ்சுச்சு. பாதை வெட்டுனதுதான் காரணம்."
தம்பி: "அதே ராத்திரி, பாதையே வெட்டாத கீழ்மலையிலயும் மூணு எடத்துல சரிஞ்சுச்சேண்ணே."
(1) பாதை வெட்டியதால் மண் சரியவில்லை என்று நிரூபிக்கிறார்.
(2) கடும் மழையே காரணம் என்று காட்டுகிறார்.
(3) அண்ணன் சொன்ன காரணம் இல்லாத இடத்திலும் அதே விளைவு வந்ததைக் காட்டி, அவர் முடிவில் சந்தேகம் எழுப்புகிறார்.
(4) மேல்மலையில் மண் சரிந்ததை மறுக்கிறார்.

வினா 2
அம்மா: "எட்டாம் வகுப்போட நின்ன மூத்தவன் கடை வேலைக்குப் போயி மாசாமாசம் காசு அனுப்புறான். சாதாரண தரம் எழுதுன சின்னவன் சும்மா இருக்கான். படிச்சு என்னா பிரயோசனம்?"
மாமா: "மூத்தவன் வேலைக்குப் போயி ஆறு வருஷம். சின்னவன் பரீட்சை எழுதி ரெண்டு மாசந்தான் ஆகுது தங்கச்சி. ரெண்டு பேரையும் ஒரே தராசுல வைக்கலாமா?"
(1) படிப்பால் கிடைக்கும் வேறு நன்மைகளை எடுத்துச் சொல்கிறார்.
(2) மூத்தவன் காசு அனுப்புவதை மறுக்கிறார்.
(3) சின்னவனுக்கு விரைவில் வேலை கிடைக்கும் என்கிறார்.
(4) அம்மா செய்த ஒப்பீடு சமமான ஒப்பீடு இல்லை என்று சுட்டிக்காட்டுகிறார்.

வினா 3
கமலா: "பொறப்புச் சான்றிதழ் இருந்தா போதும், அடையாள அட்டை வந்துரும்."
செல்வி: "எங்க தம்பிகிட்ட பொறப்புச் சான்றிதழ் இருக்குக்கா. போட்டோ குடுக்காததுனால அட்டை இன்னும் வரல."
(1) பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை என்கிறார்.
(2) அது இருந்தும் அட்டை வராத ஒருவரைக் காட்டி, அது மட்டும் போதாது என்கிறார்.
(3) கமலாவின் பேச்சை நம்ப முடியாது என்கிறார்.
(4) அட்டை வர நீண்ட நாள் செல்லும் என்கிறார்.

விடைகள்

வினா 1: விடை (3). தம்பி மழையைப் பற்றிப் பேசவே இல்லை. நமக்கு மழை ஞாபகம் வருவதால் (2) சரிபோலத் தெரியும். மேல்மலையில் பாதையும் ஒரு காரணமாக இருக்க இடமுண்டு, ஆகவே (1) மிஞ்சிப் போகிறது.

வினா 2: விடை (4). மாமா சொன்ன செய்தி கால அளவு மட்டும்தான். (3) அவர் மனசில் இருக்கலாம், வாயில் இல்லை.

வினா 3: விடை (2). "இருந்தா போதும்" என்பதை மறுக்க, இருந்தும் கிடைக்காதவரைக் காட்ட வேண்டும். செல்வி அதைத்தான் செய்தார். சான்றிதழ் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சான்றிதழும் படமும் தயாராக இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இப்பாடத்துக்குப் புத்தகம் வாங்கக் காசு வேண்டியதில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசும் பேச்சே போதும். பிள்ளை மறுத்துப் பேசினால் "எதிர்த்துப் பேசாத" என்று வாயை அடைக்காதீர்கள். "நான் சொன்ன செய்தி பிழைன்னு சொல்றியா? இல்ல, செய்தி சரி, அதுலருந்து இந்த முடிவு வராதுன்னு சொல்றியா?" என்று கேளுங்கள். பிள்ளை மரியாதையோடு பதில் சொல்லப் பழகும். நாளைக்கு அந்தப் பிள்ளை பரீட்சை மண்டபத்திலோ, நேர்முகப் பரீட்சையிலோ, நம் சார்பில் துரைமார் முன்னாலோ உட்காரும்போது, சத்தத்தைக் கூட்டாமல், எதிராளி வாதத்தின் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று அறிந்து பேசும்.